முத்துசாமி, ந. (1936–2018)

நாடகாசிரியர், சிறுகதையாளர், நடிப்பு ஆசான். தஞ்சை வட்டாரத்துப் புஞ்சை கிராமத்தில் பிறந்தவர். 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். வசனத்தை முழங்குவதே நடிப்பு என்றிருந்த மேடையில், உடலும் மூச்சும் பேச வேண்டும் என்று வற்புறுத்தியவர் இவர். அதற்கான வேரைத் தெருக்கூத்தில் கண்டார். தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானை அழைத்துத் தம் நடிகர்களுக்கு அடவு கற்பிக்கச் செய்தார்; சிலம்பமும் குரல் பயிற்சியும் சேர்ந்துகொண்டன.

பசுபதி, கலைராணி, விமல், விதார்த், குரு சோமசுந்தரம் ஆகியோர் இந்தப் பட்டறையில் உருவானவர்கள். விஜய் சேதுபதி இங்கே கணக்கெழுத வந்து, ஒத்திகைகளைப் பார்த்துப் பார்த்தே பாடம் கற்றார். 'ஜோக்கர்' (2016) படத்தில் நினைவிழந்து கிடக்கும் மனைவியின் அருகே குரு சோமசுந்தரம் அமர்ந்திருப்பதைப் பாருங்கள்: அழவைக்க வேண்டும் என்ற முனைப்பே அந்த முகத்தில் இல்லை. அதுதான் ஆசானின் முத்திரை.

'நாற்காலிக்காரர்', 'சுவரொட்டிகள்' ஆகியவை இவருடைய நாடகங்கள். 'நீர்மை' இவருடைய சிறுகதை. 2012இல் பத்மஸ்ரீ பெற்றார். 2018 அக்டோபர் 24 அன்று சென்னையில் காலமானார்.