சாவடியோரக் குறிப்பேடுகள்

1967 போரில் மேற்குக் கரையையும் காசாவையும் கைப்பற்றிய இஸ்ரேல், 1972-இல் பிறப்பித்த பொது அனுமதி ஆணையின் வழியாக, அப்பகுதிப் பாலஸ்தீனர்கள் இஸ்ரேலுக்குள் சென்று பகலில் வேலை பார்த்துத் திரும்புவதைப் பெரும்பாலும் தடுக்காமல் விட்டிருந்தது. 1991 வளைகுடாப் போரின்போது அந்த ஆணை விலக்கப்பட்டு, ஒவ்வொருவரும் தனித்தனியே அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்றாயிற்று. 1993 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட பொது முடக்கம் கிழக்கு ஜெருசலேத்தையும் மேற்குக் கரையிலிருந்து பிரித்தது. 2000 செப்டம்பரில் இரண்டாம் இன்டிஃபாதா, அதாவது பாலஸ்தீன மக்களின் எழுச்சி, வெடித்தபின் இராணுவச் சோதனைச் சாவடிகள் பெருகின. குண்டுவெடிப்புகளைத் தடுப்பதற்கே அவை அமைந்தன என்று இராணுவம் கூறினாலும், அவற்றில் பல இஸ்ரேலின் எல்லையில் அல்லாமல், நாப்லுஸ் நகருக்குத் தெற்கேயிருந்த ஹுவாராவைப் போல, பாலஸ்தீன ஊருக்கும் ஊருக்கும் நடுவிலேயே நின்றன.

இந்நிலையில், 2001-இன் தொடக்கத்தில் ரோனி யேகர், யெஹூதித் கேஷெத், ஆதி குன்ட்ஸ்மன் ஆகிய மூவர் ஜெருசலேத்தில் தொடங்கிய அமைப்பே மக்சோம் வாட்ச் (எபிரேய மொழியில் சோதனைச் சாவடிக்கு மக்சோம் என்று பெயர்). இஸ்ரேலியப் பெண்கள் மட்டுமே உறுப்பினராகக்கூடிய அந்த அமைப்பில் நடுத்தர வயதைக் கடந்தவர்களே மிகுதி. காலையிலும் பிற்பகலிலும் முறைவைத்துச் சிறு குழுக்களாகச் சாவடிக்குச் சென்று, கண்டதை எழுதி, அன்றன்றைய அறிக்கையாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது அவர்களது வழக்கமாயிற்று.

அவர்கள் எழுதியவற்றில் துப்பாக்கிச் சூடுகளைவிடத் தாமதங்களே அதிகம். அதுவே அவற்றின் பெருமதிப்பு. சாவடியில் நடைமுறையிலிருந்த விதிகளுள் பல எந்த அரசிதழிலும் வெளிவராதவை: நாப்லுஸிலிருந்து இளைஞர்கள் வெளியேறக் கூடாது என்ற வயது வரம்பு ஒருநாள் இருக்கும், மறுநாள் தளரும், பின்பு மறுபடி இறுகும். எழுதப்படாத ஆணையை எதிர்த்து வழக்காட எவராலும் இயலாது என்பதால், இன்ன நாளில் இன்ன நேரத்தில் இன்னார் திருப்பியனுப்பப்பட்டார் என்ற குறிப்பே அவ்வாணை இருந்ததற்குச் சான்றாயிற்று. ஜெருசலேத்துக்கும் ரமல்லாவுக்கும் இடையிலுள்ள கலந்தியாவில், படைவீரர் பொத்தானை அழுத்தினால் மட்டுமே சுழலும் இரும்புக் கதவுகள் வழியாகத்தான் நடந்துசெல்வோர் போக முடிந்தது. இஸ்ரேலுக்குள் 75 முதல் 90 சென்டிமீட்டர் வரை நீளும் இக்கதவுகளின் கைகள் சாவடிகளில் 55 சென்டிமீட்டராகக் குறுக்கப்பட்டன என்று கட்டடக்கலை ஆய்வாளர் ஏயால் வைஸ்மன் எழுதியுள்ளார். பை சுமந்தவரும் கைக்குழந்தை ஏந்திய தாயும் அக்கம்பிகளுக்கிடையே சிக்கிக்கொள்ள இந்த அளவு போதுமானதாயிருந்தது. முதியோர், பெண்கள், நோயாளிகள் ஆகியோருக்கென ஒதுக்கப்பட்ட தனிவாயில் எப்போது திறந்தது, திறக்கவே இல்லையா என்பதை நாள்தோறும் குறித்துவைத்தவர்கள் இப்பெண்களே.

2004 நவம்பரில் பெய்த் இபா சாவடியில் ஒரு பாலஸ்தீனர் படைவீரர்கள் முன் வயலின் வாசிப்பதை உறுப்பினர் ஒருவர் படம்பிடித்தபோது, நாஜி முகாம்களில் யூத இசைக்கலைஞர்கள் வாசிக்கவைக்கப்பட்ட நினைவு கிளர்ந்து, இஸ்ரேலியச் சமூகமே கலங்கியது. அவ்வொரு காட்சிக்கு எழுந்த கூக்குரல், அதே வரிசையில் அன்றாடம் காத்துநின்ற ஆயிரக்கணக்கானோருக்காக எழவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

பார்வையாளர் அனைவரும் கண்டதை இவ்வாறு வெளியிட்டதில்லை. 1994 பிப்ரவரியில் ஹெப்ரான் இப்ராஹிமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேர் கொல்லப்பட்டதன் விளைவாக அந்நகரில் அமர்த்தப்பட்ட பன்னாட்டுப் பார்வையாளர் குழுவின் அறிக்கைகள், இஸ்ரேல், பாலஸ்தீனம் ஆகிய இரு தரப்புக்கும் பங்கேற்ற நாடுகளுக்கும் மட்டுமே கமுக்கமாக அனுப்பப்பட்டன. 2019 ஜனவரியில் இஸ்ரேல் அதன் பணிக்காலத்தை நீட்டிக்க மறுத்ததும் குழு வெளியேறியது. எவருடைய அனுமதியையும் சாராத மக்சோம் வாட்சை அவ்வாறு நிறுத்த வழியில்லை.

நோயாளி ஒருவரைக் கடக்கவிட அதிகாரியிடம் பரிந்துபேசுவது ஆக்கிரமிப்புக்கே மெருகூட்டுவதாகாதா என்ற கேள்வி அமைப்புக்குள் தொடக்கத்திலிருந்தே எழுந்துவந்தது. கேள்வி நியாயமானது, எனினும் மருத்துவமனைக்குப் போகவேண்டியவர் முன்னே நிற்கையில், கொள்கைத் தூய்மைக்காக வாய்மூடி நிற்பதை அப்பெண்களில் பலர் ஏற்கவில்லை. பெய்த் இபா 2009-இல் அகற்றப்பட்டு, கலந்தியாவில் 2019-இல் முகமறியும் கருவிகள் வந்தபின்பும் அனுமதிச் சீட்டு முறை நீங்கவில்லை. சாவடியைப் பார்ப்பதோடு நில்லாமல் அவர்களது வேலை, பாதுகாப்புத் துறையின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டு அனுமதிச் சீட்டு மறுக்கப்பட்டோருக்கு மேல்முறையீடு எழுதித் தருவதற்கும், மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய பிரிவுச் சுவருக்கு அப்பால் அகப்பட்ட ஒலிவத் தோப்புகளுக்குச் செல்லும் வேளாண் வாயில்கள் திறக்கும் நேரத்தைப் பதிவதற்கும் விரிந்தது.