வலுவூட்டமா, வலுக்குறைவா? அடையாளங்காணும் நினைவின் உயிரணு அடிப்படை: ஒரு கருத்து வரலாறு (1949–2008)

முன்னுரை

முன்பு கண்ட ஒன்றை மீண்டும் காணும்போது அது கண்டதே என்று அறிவது அடையாளங்காணும் நினைவாகும். லயனல் ஸ்டாண்டிங் 1973இல் வெளியிட்ட ஆய்வில், 10,000 படங்களை ஒருமுறை மட்டுமே பார்த்தவர்களும் பின்னர்ப் பழைய படங்களைப் புதியவற்றிலிருந்து பெருமளவு சரியாகப் பிரித்தறிந்தனர். இத்தகைய நினைவு நரம்பணுக்களில் எம்மாற்றமாகப் பதிகிறது என்ற வினாவுக்கான விடை அரை நூற்றாண்டில் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வலுவூட்டக் கருத்தின் தோற்றம்

ஒரு நரம்பணு மற்றொன்றைத் தொடர்ந்து தூண்டுவதில் பங்குகொண்டால் அவற்றின் இணைப்பு வலுப்பெறும் என்று டொனால்ட் ஹெப் 1949இல் முன்மொழிந்தார். வலிப்பு நோய்க்காக 1953இல் அறுவை செய்யப்பட்ட ஹென்றி மோலைசன் புதிய நினைவுகளை உருவாக்கும் திறனை இழந்ததை ஸ்கோவிலும் பிரெண்டா மில்னரும் 1957இல் விவரித்தனர். அவருக்கு ஹிப்போகாம்பசுடன் அதனையடுத்த புறணிப் பகுதிகளும் அகற்றப்பட்டிருந்தன. எனினும் ஆய்வாளர் கவனம் ஹிப்போகாம்பசின் மேலேயே குவிந்தது. 1973இல் பிளிஸ், லோமோ ஆகியோர் முயலின் ஹிப்போகாம்பசில் நரம்பிணைப்புகள் பல மணி நேரம் வலுவுற்றிருப்பதைக் காட்டினர். இதனால் நினைவின் இடம் ஹிப்போகாம்பஸ், வழிமுறை வலுவூட்டம் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

இடமும் திசையும் மாறுதல்

1987இல் மால்கம் பிரவுன் குழுவினர் குரங்குகளின் மூளையிலிருந்து செய்த பதிவுகள் இவ்விரு எண்ணங்களையும் ஐயத்திற்குள்ளாக்கின. பொட்டுமடலின் கீழ்–உட்புறப் புறணியில் புதிய உருவத்திற்கு மிகுதியாகத் துலங்கிய நரம்பணுக்கள், அதே உருவம் மீண்டும் தோன்றியபோது குறைவாகவே துலங்கின. பின்னைய பதிவுகளில் இவ்வீழ்ச்சி 24 மணி நேரத்திற்குப் பின்னரும் காணப்பட்டது. ஹிப்போகாம்பசையடுத்த பெரிரைனல் புறணி சேதமுற்றால் அடையாளங்காணல் குன்றுவதை 1989, 1993ஆம் ஆண்டுகளின் குரங்கு ஆய்வுகள் புலப்படுத்தின.

வலுக்குறைவின் சான்று

துலங்கல் வீழ்ச்சிக்கு ஏற்ற உயிரணு வழிமுறை முன்பே அறியப்பட்டிருந்தது. நீள்கால வலுக்குறைவை மசாவோ இட்டோ 1982இல் சிறுமூளையிலும், டூடெக், பேர் ஆகியோர் 1992இல் ஹிப்போகாம்பசிலும் நிறுவினர். இதில் குளூட்டமேட்டை ஏற்கும் ஆம்பா ஏற்பிகள் நரம்பிணைப்பின் மேற்பரப்பிலிருந்து உயிரணுவுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகின்றன. அதனால் வரும் சைகை நலிகிறது. எனினும் இரு நிகழ்வுகளின் ஒப்புமை காரணத் தொடர்பை நிறுவாது. 2008இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழுவினர் எலிகளின் பெரிரைனல் புறணியில் இவ்வேற்பி உள்ளிழுப்பைத் தடுத்தனர். வலுக்குறைவு தடைப்பட்டது; வலுவூட்டம் தடைப்படவில்லை. அவ்வெலிகள் பழகிய பொருளைப் புதியதிலிருந்து வேறுபடுத்த இயலாதனவாயின.

முடிவுரை

இவ்வரலாறு ஹெப்பின் கருத்தை மறுக்கவில்லை. அதன் எல்லையை வரையறுக்கிறது. ஒரு மூளைப்பகுதியில் கண்ட வழிமுறையை எல்லா நினைவுக்கும் பொதுவாக்கியதே அடையாளங்காணல் பற்றிய புரிதலைத் தாமதப்படுத்தியது எனலாம். பழகியதை அறிதல், குறைந்த துலங்கலாகவும் பதியக்கூடும். எனவே நினைவின் வகை, இடம், வழிமுறை ஆகிய மூன்றையும் தனித்தனியே நிறுவுவது இத்துறை ஆய்வுக்கு இன்றியமையாததாகும்.