யானைகள் ஆடிய கதை

விலங்குகள் பேசும் கதைகளைக் கேட்டு வளராத குழந்தைகள் நம் நாட்டில் அரியர். பதினோராம் நூற்றாண்டிலேயே துர்க்கசிம்மன் பஞ்சதந்திரத்தைக் கன்னடத்தில் இயற்றினான். 1826-ஆம் ஆண்டில் தாண்டவராய முதலியார் அதனை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் ஆக்கித் தந்தார். மொழிக்கு மொழி ஆடை மாற்றிக்கொள்வது இக்கதைகளுக்குப் பழகிப்போன செயல். ஏட்டில் நரி பேசினால் எவரும் வியப்பதில்லை. ஆனால் திரைப்படத்தில் ஒரு விலங்கு ஆடவேண்டுமாயின் யாது செய்வது? உண்மை விலங்கைக் கொணர்வதா? அன்றி மனிதனே விலங்காக மாறுவதா? சென்ற நூற்றாண்டு இவ்விரு வழிகளையும் முயன்று பார்த்தது. முதல் வழியின் சிறந்ததொரு வரலாறு நாம் குடியேறி வாழும் இம்மைசூரிலேயே நிகழ்ந்தது.

1894-ஆம் ஆண்டில் வெளிவந்த கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' நூலில் தூமாய் என்னும் பாகன் மகனைப் பற்றிய கதை ஒன்று உண்டு. யானைகளின் நடனத்தைக் கண்டபின் நீயும் வேட்டைக்கு வரலாம் என்று பெரியோர் அவனை எள்ளுகின்றனர். ஒருநாளும் நடவாது என்பதே அதன் பொருள். ஆனால் ஓரிரவு காலா நாகு என்னும் யானை அவனைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் செல்கிறது. எவரும் காணாத நடனத்தைச் சிறுவன் காண்கிறான். கதை அஸ்ஸாம் பக்கத்துக் காரோ மலையில் நிகழ்வது. எனினும் அதில் வரும் பீட்டர்சன் துரை, மைசூர்ச் சமஸ்தானத்தில் யானை பிடிக்கும் 'கெட்டா' முறையை நிறுவிய சாண்டர்சனை மனத்திற்கொண்டு படைக்கப்பட்டவர் என்பர். ஆகவே அக்கதையைப் படமெடுக்க மைசூரைத் தேர்ந்தது பொருத்தமே.

1935-ஆம் ஆண்டில் இலண்டன் பிலிம்ஸ் நிறுவனத் தலைவர் அலெக்சாண்டர் கோர்டாவுக்காக, ராபர்ட் பிளாஹெர்ட்டி என்னும் அமெரிக்கர் இங்கு வந்தார். பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்தில் சிறு வானொலி நிலையம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்நிலையத்தின் வழியே வந்தது. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் படக்குழுவினர் தங்கச் சித்தரஞ்சன் மகாலை அளித்தார், யானைகளையும் அளித்தார். அரண்மனையின் பெருங்கொம்பன் ஐராவதம் காலா நாகாக நடித்தது. தூமாயாக நடித்தவன் சாபு. காரப்பூரில் 1924-இல் பிறந்தவன். பாகரான தந்தையை இழந்து அரண்மனை யானைக் கொட்டிலில் வளர்ந்தவன்.

'எலிபண்ட் பாய்' என்ற அப்படம் 1937-இல் வெளிவந்தது. ஒரு பகுதியை ஜோல்டான் கோர்டா இங்கிலாந்தின் டென்ஹாம் ஸ்டூடியோவில் எடுத்து இணைத்தார். வெனிஸ் விழாவில் இயக்கத்திற்கான பரிசு இருவருக்கும் கிட்டியது. படத்தின் உச்சம் யானைகளின் நடனமே. காட்டு யானை எவர் சொற்கேட்டும் ஆடுவதில்லை. ஆதலின் அந்நடனத்தைக் கேமராவும் கத்தரிக்கோலும் சேர்ந்தே ஆக்கவேண்டியிருந்தது.

சாபு கடல் கடந்து சென்றவர் சென்றவரே. 1942-இல் மோக்லியாக நடித்தார். 1944-இல் அமெரிக்கக் குடிமகனானார். போர் விமானத்தின் வாற்புறத் துப்பாக்கி வீரராகவும் பணிபுரிந்தார். 1963-இல் முப்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். உலகம் அவரை இறுதிவரை யானைச் சிறுவனாகவே நினைத்தது. வெளியூரில் வாழும் நமக்கு இச்செய்தி சற்று உறுத்துகிறது. பிழைக்கச் சென்ற இடத்தில் நம்மையும் ஏதோ ஒரே வேடத்தில் அல்லவா பார்க்கிறார்கள்?

இரண்டாவது வழியைக் காட்டியவர்களுள் சாந்தி பர்தன் குறிப்பிடத்தக்கவர். உதயசங்கரின் அல்மோரா நிலையத்தில் பணியாற்றியவர் அவர். அந்த உதயசங்கரே சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' என்னும் நாட்டியப் படத்தை எடுத்து 1948-இல் வெளியிட்டார். சாந்தி பர்தன் 1952-இல் பம்பாயில் சிறு பாலே குழுவை நிறுவினார். காசநோயால் நலிந்த நிலையிலும் பஞ்சதந்திரத்தை நாட்டிய நாடகமாக்க முனைந்தார். பறவை விலங்குகளின் நடையும் தலையசைப்பும் மனித உடலில் வந்தமைந்தன. 1954-இல் அவர் மறைந்தபின் துணைவியார் குல் பர்தனும் குழுவினரும் அப்பணியைக் காத்தனர்.

அவ்வழியில் திரை கண்ட பெருமுயற்சி 1971-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பீட்ரிக்ஸ் பாட்டரின் குழந்தைக் கதைகளை ராயல் பாலே கலைஞர்கள் ஆடினர். நடனம் அமைத்தவர் பிரெடெரிக் ஆஷ்டன். முகம் முழுதும் முகமூடி மூடியிருக்க, எலியின் அச்சத்தையும் தவளையின் செருக்கையும் காலும் கையுமே உணர்த்தின. ஆஷ்டனும் முள்ளெலி அம்மையாராக ஆடினார். அப்படம் 1992-இல் மேடைக்கும் வந்தது.

அதே 1971-இல்தான் ககனகோட்டைக் காட்டில் இறுதிக் கெட்டா நடந்தது. அக்காட்டின் ஒரு பகுதியைப் பின்னர்க் கபினி அணையின் நீர் கொண்டது. இன்று கோடைக்காலத்தில் அந்நீர்க்கரையில் யானைகள் தாமாகவே திரள்கின்றன. கதையில் ஆடுவதற்கு அவற்றைப் பிடித்து வரவேண்டிய தேவை இல்லை. நாம் ஆடினால் போதும்.

நம் பிள்ளைகள் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்றனர். தமிழில் கதை சொன்னால் பாதியிலேயே எழுந்து விடுகின்றனர். நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவில் பஞ்சதந்திரக் கதை ஒன்றையேனும் நாட்டியமாக அமைக்கலாம். முகமூடிக்குக் காகிதக் கூழ் போதும். காகமாக ஆடவேண்டிய பிள்ளை, கதையைத் தமிழில் இறுதிவரை கேட்டே தீரவேண்டும். தமிழ் அறியாத அண்டை வீட்டாரும் உடனமர்ந்து காணலாம். துர்க்கசிம்மனின் மொழியில் அவர்களும் அக்கதையை அறிந்திருப்பர்.