சிலாங்கூர் பிராணி வதைத் தடுப்புச் சங்கம்: ஓராண்டுக் கணக்கில் சாதனையும் சவாலும்

அம்பாங்கில் இயங்கிவரும் சிலாங்கூர் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் (எஸ்.பி.சி.ஏ.) 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கைவிடப்பட்ட நாய், பூனைகளுக்கு அடைக்கலம் தருவது, அவற்றுக்குப் புதிய வீடு தேடுவது, கருத்தடை செய்வது, வதைப் புகார்களை விசாரிப்பது ஆகியவை அதன் முக்கியப் பணிகள். பினாங்கு, ஈப்போ, ஜொகூர், சரவாக் ஆகிய இடங்களிலும் இதுபோன்ற சங்கங்கள் உள்ளன. பெயர் ஒத்திருந்தாலும் அவை தனித்தனியே இயங்குபவை.

இத்தகைய சங்கம் ஒன்றின் ஆண்டுக் கணக்கில் நான்கு எண்கள் முக்கியமானவை: வந்து சேர்ந்த பிராணிகள், தத்துக் கொடுக்கப்பட்டவை, கருத்தடை செய்யப்பட்டவை, விசாரிக்கப்பட்ட புகார்கள். தத்துக் கொடுத்த எண்ணிக்கையே பலர் கண்ணிலும் முதலில் படும். ஆனால், அடுத்த ஆண்டு காப்பகம் நிரம்பி வழியுமா என்பதைச் சொல்வது கருத்தடை எண்ணிக்கைதான்.

பிறப்பைத் தடுப்பதே பெரிய பணி

ஒரு பெண் நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள். ஆண்டுக்கு இருமுறை ஈன்று, ஒவ்வொரு முறையும் ஆறு குட்டிகள் என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் 12 குட்டிகள். பூனை இன்னும் வேகம். பிறந்து நான்கைந்து மாதத்திலேயே அது கருத்தரிக்கக்கூடும். அத்தனைக்கும் வீடு கிடைப்பதில்லை. மிஞ்சியவை சந்தையிலும் குப்பைத் தொட்டி அருகிலும் செம்பனைத் தோட்டத்து ஓரங்களிலும் பெட்டியோடு விடப்படுகின்றன.

இதைக் குறைக்கவே சங்கம் ‘கிளினிக் கெம்பிரி’யை நடத்துகிறது. கெம்பிரி என்பது கருத்தடையைக் குறிக்கும் மலாய்ச் சொல். தனியார் மருந்தகக் கட்டணத்தைக் கட்ட முடியாதவர்களும் பயன்பெறும் வகையில் இங்குக் குறைந்த கட்டணத்தில் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது.

இடமும் நோயும்

காப்பகத்தின் முதல் சவால் இடம். ஒரு நாய் வெளியே போனால்தான் இன்னொன்றுக்குக் கூண்டு கிடைக்கும். குட்டிகளும் உயர்ரகப் பிராணிகளும் விரைவில் வீடு சேர்கின்றன. வளர்ந்த நாட்டு நாய்கள் நெடுநாள் காத்திருக்கின்றன.

இரண்டாவது சவால் நோய். தடுப்பூசி போடப்படாத குட்டிகளை பார்வோ வைரஸ் சில நாள்களில் கொன்றுவிடும். நெருக்கடியான இடத்தில் அது எளிதில் பரவும். அறிவிக்காமல் வாசலில் குட்டிகளை விட்டுச் செல்வோர், உள்ளே இருப்பவற்றின் உயிருக்கும் ஆபத்தை விட்டுச் செல்கிறார்கள்.

தீவனம், மருந்து, ஊழியர் சம்பளம் ஆகியவற்றுக்குச் சங்கம் பெரும்பாலும் பொதுமக்களின் நன்கொடையையே நம்பியிருக்கிறது.

சட்டம் கடுமையானது, ஆதாரம் தேவை

1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின்கீழ், வதைக்கான அபராதம் நீண்ட காலம் 200 ரிங்கிட்டாகவே இருந்தது. 2017இல் அமலுக்கு வந்த 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தில் அது 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை உயர்ந்தது. மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

வதைப் புகாரைச் சங்கம் விசாரிக்கலாம். ஆனால், சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் கால்நடைச் சேவை இலாகாவிடம் உள்ளது. சாட்சியும் படமும் இல்லாத புகார் நீதிமன்றம்வரை போவது கடினம்.

பிடித்து அகற்றினால் தீருமா?

2009இல் கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் உள்ள கேத்தாம் தீவில், நூற்றுக்கணக்கான தெருநாய்கள் பிடிக்கப்பட்டு ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் விடப்பட்டன. பசியில் அவை ஒன்றையொன்று தின்ற செய்தி நாட்டையே உலுக்கியது. விலங்குநல அமைப்புகள் மீட்புப் பணியில் இறங்கின.

தெருநாய் குறித்த மக்களின் அச்சத்திலும் நியாயம் உண்டு. பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளை நாய்கள் துரத்துவது தோட்டத்திலும் தாமானிலும் அன்றாடப் பிரச்சினை. வெறிநாய்க்கடி நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் தலைகாட்டியது. அந்நோயைக் கட்டுப்படுத்த நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இருக்கும் நாய்களை அகற்றினாலும் குப்பையும் மிச்ச உணவும் அங்கேயே கிடந்தால் வேறு நாய்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

பொதுமக்கள் செய்யக்கூடியவை

• வளர்க்கும் நாய், பூனைக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யுங்கள். ஆண் பிராணிக்கும் இது பொருந்தும்.

• நாய்க்கு உரிமம் எடுப்பது பற்றி உங்கள் ஊராட்சி மன்றத்தில் கேட்டறியுங்கள்.

• வதையைக் கண்டால் நாள், நேரம், இடம், வாகன எண் ஆகியவற்றைக் குறித்து, படமோ காணொளியோ எடுத்து இலாகாவிடம் புகார் செய்யுங்கள்.

• தோட்டத்தில் பல வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் கருத்தடைக்கு ஏற்பாடு செய்தால் வண்டிச் செலவு குறையும்.

• நன்கொடை தர இயலாதவர்கள் பழைய நாளிதழ், துண்டுத் துணிகளைத் தரலாம். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

தத்து கொடுக்கப்படும் ஒவ்வொரு நாயும் ஒரு கூண்டைக் காலியாக்குகிறது. கருத்தடை செய்யப்படும் ஒவ்வொரு நாயும் பல கூண்டுகளுக்கான தேவையையே இல்லாமல் செய்கிறது. அந்த எண்ணிக்கை உயர்வது சங்கத்தின் கையில் பாதி, பிராணி வளர்ப்போர் கையில் பாதி.