கோபுரம் இல்லாத ஓடுபாதை: குவின்சி, 1996

விமான நிலையம்னாலே கண்ணாடிக் கூண்டு வைத்த ஒரு கோபுரம்தான் நம் மனசில் வரும். அமெரிக்காவில் பெரும்பாலான விமான நிலையங்களில் அது கிடையாது. விமானிகளே ஒரு பொது அலைவரிசையில் 'இங்கே இருக்கேன், இந்த ஓடுபாதையில் இறங்கப் போறேன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அனுமதி தர ஆள் இல்லை. காதும் கண்ணும்தான் காவல். பயணிகள் விமானங்களும் அங்கே போகும்.

இலினாய் மாநிலத்தின் குவின்சி அப்படி ஓர் இடம். 1996 நவம்பர் 19, மாலை 5 மணி, இருட்டுகிற நேரம். யுனைடெட் எக்ஸ்பிரஸ் 5925, பீச்கிராஃப்ட் 1900 ரக விமானம், 13-ஆம் எண் ஓடுபாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் குறுக்கே வெட்டும் 4-ஆம் எண் ஓடுபாதையில் ஒரு கிங் ஏர். அதற்குப் பின்னால் ஒரு சின்ன செரோக்கி.

5925-இன் விமானிகள் ஒழுங்காகத்தான் அறிவித்துக்கொண்டே வந்தார்கள். 'ஓடுபாதையில் நிற்பவர் காத்திருப்பீர்களா, புறப்படுவீர்களா' என்றும் கேட்டார்கள். கிங் ஏர் வாய் திறக்கவில்லை. பதில் சொன்னது செரோக்கி, புறப்படக் காத்திருப்பதாக. அந்த நேரம் பார்த்து 5925-இன் காக்பிட்டில் தரை எச்சரிக்கைக் குரல் குறுக்கே வந்து பேச்சில் பாதியை அமுக்கிவிட்டது. 'கிங் ஏர்' என்ற சொல் காதில் விழுந்தது. கிங் ஏரே பேசியது என்று எடுத்துக்கொண்டார்கள். செரோக்கி விமானி திருத்தவும் இல்லை.

இரண்டும் சந்திப்பில் மோதின. 14 பேரும் இறந்தார்கள். மோதல் தாங்கக்கூடியதாகவே இருந்தது. கொன்றது புகையும் தீயும். ஓடி வந்தவர்களிடம் உள்ளிருந்து கேப்டன் பேசினார், கதவைத் திறக்கச் சொல்லி. கதவு அசையவே இல்லை. தயாராக ஒரு தீயணைப்பு வண்டியும் அங்கே இல்லை. அவ்வளவு சிறிய விமானத்துக்கு அது கட்டாயமில்லை என்பது அன்றைய சட்டம்.

அலைவரிசையைக் கவனிக்காததும் சுற்றிலும் பார்க்காததும் கிங் ஏர் விமானிகளின் தவறு என்றது விசாரணை வாரியம். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஏர்லைன் கேப்டன். என்னை உறுத்துவது இதுதான். கோபுரம் சொல்லச் சொல்ல ஓட்டிப் பழகிய கைக்கு, யாருமே எதுவும் சொல்லாத இடம் புதுசுதானே? ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் அதைக் கற்றுத் தருவதில்லை, தனியாகப் பயிற்சி வேண்டும்.

இன்னொன்று. கிங் ஏரிலிருந்து முன்பு வந்த அறிவிப்பு பெண் குரல். காத்திருப்பதாகச் சொன்னது ஆண் குரல். ஆனால் காக்பிட்டில் எப்போதும் இரண்டு பேர் இருக்கலாமே; யாருக்குச் சந்தேகம் வரும்?