குளிர்சாதனக் கட்டடங்களில் மறைநீர்க் கசிவு அறிதல்

தொழிற்கூடம், அலுவலகம், மருத்துவமனை, தரவு மையம் முதலிய பெருங்கட்டடங்களைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுதியிலிருந்து, சுவருக்குள்ளும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் மண்ணுக்கடியிலும் கண்ணுக்குப் புலப்படாமல் நிகழும் நீரிழப்பு மறைநீர்க் கசிவு எனப்படும். அது உண்டென்பதை உறுதி செய்து, எவ்விடத்தில் நிகழ்கிறதென்பதை வீணாகத் தோண்டாமலும் உடைக்காமலும் நிச்சயிப்பது ஒரு தனிக் கலையாகும்.

இடமும் அவசியமும்: 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்த ஆவடி, 1964இல் தொழிற்பேட்டை அமைந்த அம்பத்தூர், கிடங்குகளும் மருத்துவமனைகளும் பெருகிவரும் பூவிருந்தவல்லி ஆகிய மேற்குப் புறநகர்ப் பிரதேசம், சென்னைக்குக் குடிநீர் அளிக்கும் புழல் ஏரிக்கும் செம்பரம்பாக்கம் ஏரிக்கும் இடைப்பட்டது. லேத்துப் பட்டறைகள் இரைந்துகொண்டிருந்த அம்பத்தூர் மனைகள் பலவற்றில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் தரவு மையங்களும் நிற்கின்றன. அவை இரவும் பகலும் குளிர்ச்சியை வேண்டுகின்றன, குளிர்ச்சியோ நீரை வேண்டுகிறது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்விரு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, நகரமே தண்ணீர் லாரியை எதிர்நோக்கி நின்றதைக் கண்டவர்களுக்கு, குழாய்க் கசிவு கட்டட உரிமையாளரின் சொந்த நஷ்டம் மட்டுமன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

இரு சுற்றுகள்: சில்லர் எனப்படும் குளிர்விப்பு யந்திரத்தை இரண்டு நீர்ச் சுற்றுகள் சார்ந்துள்ளன. முதலாவது, சுமார் 7 பாகை செல்சியஸில் புறப்பட்டு, மாடிதோறும் உள்ள காற்றுப் பெட்டிகளின் வெப்பத்தை ஏற்று, சுமார் 12 பாகையில் திரும்பும் குளிர்நீர்ச் சுற்று. இது மூடிய சுற்றாதலின், முறைப்படி ஒரு துளியும் குறையலாகாது. இரண்டாவது, அவ்வெப்பத்தை மொட்டைமாடியிலுள்ள கூலிங் டவருக்குக் கொண்டுசென்று காற்றில் விடும் திறந்த சுற்று. இதில் நீர் ஆவியாவதே குளிர்ச்சிக்குக் காரணமாதலால் இழப்பு இயல்பானது.

கசிவு ஒளியும் விதம்: முழுச் சுமையில் ஒரு டன் குளிர்ச்சிக்கு மணிக்கு ஆறு முதல் ஏழு லிட்டர் வரை நீர் ஆவியாகிறது. எனவே 300 டன் நிலையத்தில் மணிக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் ஆவியாகச் செல்ல, உப்பின் செறிவு நான்கு மடங்கைத் தாண்டாதிருக்க மேலும் 650 லிட்டரளவு வெளியேற்றப்பட வேண்டியிருக்கிறது. இத்தனை பெரிய நியாயமான செலவுக்கிடையே மணிக்கு 100 லிட்டர் கசிந்தால் யார் கவனிப்பார்? ஆயினும் அது நாளொன்றுக்கு 2,400 லிட்டர். ஐந்து நாளில் 12,000 லிட்டர் லாரி ஒன்று முழுவதும் மண்ணுக்குப் போயிற்று. மூடிய சுற்றிலோ, மேல்தொட்டியிலுள்ள மிதவை வால்வு குறைந்த நீரை ஓசையின்றி நிரப்பிவிடுவதால் குறை வெளியே தெரிவதில்லை. புது நீருடன் புகும் பிராணவாயு இரும்புக் குழாயை அரிக்கும். துருத் தடுப்பு மருந்து நீர்த்துப்போகும். வடிகட்டியில் செம்பழுப்புச் சேறு படியும். மருந்தின் அளவு காரணமின்றி அடிக்கடி குறைவதே பல இடங்களில் கசிவின் முதல் சாட்சியாகும்.

கசிவா, வியர்வையா: ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள், ஓடு உடைந்த இடம் ஒன்று, நீர் சொட்டுகிற இடம் வேறு. காப்புறை சுற்றிய குழாயிலும் அவ்வாறே, உறைக்குள் புகுந்த நீர் சரிவு நோக்கி ஓடி, வெகுதூரத்தில் ஒரு பிளவைக் கண்ட பின்னரே சீலிங் பலகையில் தேநீர்க் கறைபோல் படர்கிறது. அந்தக் கறை கசிவினால்தான் ஏற்பட்டதென்றும் துணிந்துவிட முடியாது. கடற்கரைக்கு அண்மையிலுள்ள இந்நிலத்தின் ஈரக்காற்று 25 பாகையை ஒட்டிய உஷ்ணத்திலேயே பனித்துவிடுமாதலால், உறை கிழிந்த 7 பாகைக் குழாய் நாள் முழுவதும் வியர்த்துக்கொண்டிருக்கும். காற்றுப் பெட்டியின் வடிகால் பாசியால் அடைபட்டாலும் இதே கறைதான் தோன்றும்.

இவற்றைப் பிரித்தறிய, ஆர்.ஓ. வடிகட்டி வைத்திருக்கும் வீடுகளில்கூடக் காணப்படும், நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரே போதுமானது. தரையில் தேங்கிய நீர் சிமெண்டையும் தூசியையும் கரைத்துக்கொண்டிருக்குமாதலின் அதை விடுத்து, சொட்டும் துளியையே சுத்தமான டம்ளரில் ஏந்திப் பார்க்க வேண்டும். மீட்டர் சில பத்துகளையே காட்டினால் அது காற்றின் வியர்வை. சில நூறுகளைத் தாண்டினால் குழாய் நீர் என்று சந்தேகிக்கலாம். கூலிங் டவர் நீரையும் குளிர்நீரையும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டால் எந்தச் சுற்று என்பதும் பெரும்பாலும் புலப்படும்.

இடம் காணும் முறைகள்: முதலில், நிரப்புக் குழாயை மூடிவிட்டு மேல்தொட்டியின் மட்டத்தையோ கேஜின் அழுத்தத்தையோ இரவு முழுவதும் குறித்துவர வேண்டும். மட்டம் இறங்கினால், மாடிக்கு மாடி வால்வுகளை அடைத்துச் சந்தேகத்துக்குரிய பகுதியைச் சுருக்க வேண்டும். பின்பே செவியின் வேலை. பம்பு நின்று, சாலை இரைச்சல் அடங்கிய நேரத்தில், ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயில் ஊன்றிப் பிடியைக் காதோடு அணைத்துக் கேட்கும் பழைய மெக்கானிக், அழுத்தத்தில் பீறிடும் நீரின் சீறலை இன்றும் அடையாளம் காண்கிறார். அதன் வளர்ந்த வடிவமே ஒலி ஒப்பீட்டுக் கருவி. 60 மீட்டர் இடைவெளியுள்ள இரு வால்வுகளில் உணரிகளைப் பொருத்தி, ஒலி ஒன்றை மற்றதைவிட 0.01 விநாடி முந்தி அடைந்தால், இரும்புக் குழாயில் விநாடிக்கு 1,200 மீட்டர் என்ற வேகத்தில் 12 மீட்டர் வித்தியாசமாகும். எனவே கசிவு அண்மை வால்விலிருந்து 24 மீட்டரில் உள்ளது. பிளாஸ்டிக் குழாயில் ஒலி மெதுவாகச் சென்று விரைவில் மங்கிவிடுமாதலால், நீரை வடித்து, 5 சதவீத ஹைட்ரஜனும் 95 சதவீத நைட்ரஜனும் கொண்ட எரியாத கலவையைச் செலுத்தி, தரைக்கு மேல் வரும் வாயுவை மோப்பக் கருவியால் கண்டுபிடிப்பது சிறந்தது. வெப்பக் காமிரா ஈரத்தைக் காட்டுமேயன்றி அதன் காரணத்தைக் காட்டாது.

கூலிங் டவரில் ஓட்டையில்லாமலும் நீர் வீணாகும். பம்பு நின்றதும் மேற்குழாயில் நின்ற நீர் அடித்தொட்டிக்குத் திரும்பும். மிதவை வால்வு உயர்த்தி வைக்கப்பட்டிருந்தால் அவ்வளவும் வழிந்தோடிவிடும். பம்பு நின்ற சில நிமிஷங்களில் வழிவுக்குழாயின் வாயருகே நின்று பார்ப்பவருக்கே இது தெரியும்.

பருவம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் மண் நனைந்திருக்கையில் நிலத்தடிக் கசிவு மழைநீரோடு கலந்து மறைந்துவிடும். மண் உலர்ந்திருக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான காலமே தேடுதலுக்கு உகந்தது.

கருவிகள் எத்தனை வந்தாலும், கணக்கில்லாத இடத்தில் கசிவைத் தேடுவது இருட்டில் ஊசியைத் தேடுவதற்கே ஒப்பாகும். மூடிய சுற்றின் நிரப்புக் குழாயில் ஒரு மீட்டரைப் பொருத்தி, காலைதோறும் அதன் எண்ணை நோட்டில் குறித்துவரும் வழக்கத்தை ஒவ்வொரு கட்டடமும் மேற்கொள்ள வேண்டும். அந்த எண் நகராதிருக்கும்வரை குழாய் நலமாயிருக்கிறது, நகரத் தொடங்கிய நாளே கசிவு பிறந்த நாள்.