மேளச்சமா

கோயில் வீதியில் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் உட்கார்ந்து, பாட்டு இல்லாமல் வாத்தியத்தாலேயே இராகம், பல்லவி, தாளக் கணக்கு ஆகியவற்றை விரித்து வாசிக்க, ஊரார் சுற்றியிருந்து கேட்கும் நிகழ்வு மேளச்சமா. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வழங்கும் பெயர் இது. தமிழ்நாட்டில் நாதஸ்வரக் கச்சேரி என்பார்கள். ‘சமா வைத்தல்’ என்றால் சுவாமி ஊர்வலத்தோடு நடந்து வாசிப்பதை விட்டு ஓரிடத்தில் அமர்ந்து விரிவாக வாசிப்பது என்று பொருள். ஈழத்து வழக்கில் மேளம் என்ற ஒரே சொல் நாதஸ்வரம், தவில், தாளம், ஒத்து எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும். ஒரு குழு ‘ஒரு கூட்டம்’ எனப்படும். திருவிழா உபயகாரரின் பெருமை எத்தனை கூட்டம் மேளம் பிடித்தார் என்பதால் அளக்கப்பட்ட காலம் உண்டு.

பெயர்

நாதஸ்வரம், நாகஸ்வரம் என்ற இரண்டில் எது சரி என்ற வாதம் இன்னும் தீரவில்லை. நாகசுரமே பழைய வடிவம் என்போர் உளர். வடிவம் பாம்பை ஒத்தது, நாகர் வழிவந்தது என்று பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றையும் எல்லாரும் ஏற்பதில்லை. நாதஸ்வரம் என்ற வடிவம் இருபதாம் நூற்றாண்டில் பரவலாகியது. வாசிப்பவர்களும் கேட்பவர்களும் பெரும்பாலும் நாயனம் என்றே சொன்னார்கள். நடனத்துக்குரிய இசைக்குழு சின்னமேளம் எனப்பட்டதால், நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த குழு பெரியமேளம் ஆயிற்று.

வாத்தியங்கள்

நாதஸ்வரத்தின் குழல் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. அடியில் விரிந்த பகுதி அணசு. மேலே வாயில் வைப்பது நாணலிற் செய்த சீவாளி. விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். சாவி, பொத்தான் எதுவும் இல்லை. கமகத்துக்கு வேண்டிய நுண்சுருதிகள் எல்லாம் மூச்சாலும் உதட்டாலும் விரலால் துளையைப் பாதி திறப்பதாலும் பிறக்க வேண்டும். முன்பு திமிரி என்ற குட்டையான, உச்சச் சுருதி நாயனமே பெருவழக்கு. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில், நரசிங்கன்பேட்டை ஆசாரி ஒருவரின் கைவண்ணத்தில், நீண்ட பாரி நாயனம் நிலைபெற்றது. நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

தவிலின் கட்டை பலா. வலந்தலையை விரல்கள் அடிக்கும்; இடப்பக்கத் தொப்பியைக் கழி அடிக்கும். விரல்களுக்கு மாட்டும் கூடு, துணியைப் பசையில் தோய்த்து, விரலின் அளவுக்கே சுற்றி உலர்த்திச் செய்யப்படுவது. ஒருவரின் கூடு மற்றவரின் விரலுக்குச் சேராது. தவில்காரர் வாசிக்குமுன் கூட்டை ஒவ்வொன்றாக மாட்டி, கழியால் தொப்பியை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்; வீதியில் பேச்சு ஓய்வது அந்தத் தட்டில்தான்.

ஆதார சுருதிக்கு விரல்துளையில்லாத ஒத்து என்ற நாயனம் இருந்தது. பின்னர் அதன் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்தது.

இசையின் அமைப்பு

மேளச்சமாவின் தலைவாசல் மல்லாரி. சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் வாசிக்கப்படும் இதற்குச் சொற்கள் இல்லை. தவில் சொற்கட்டே இதன் மொழி. தேர், தீர்த்தம், தளிகை என்று சந்தர்ப்பத்துக்கேற்ற மல்லாரிகள் தனித்தனியே உண்டு. ஒரே மல்லாரியை மூன்று காலத்திலும் வாசிக்கும்போது தாளம் ஓரிடத்தில் நிற்க, சொற்கட்டு மட்டும் இரட்டித்தும் நாலு மடங்காகியும் ஓடும். அடுத்து இராக ஆலாபனை. வாய்ப்பாட்டுக் கச்சேரியில் ஆலாபனையின்போது மிருதங்கம் சும்மா இருக்கும். மேளத்தில் நாயனம் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் தவில் பேசும். பல்லவியும் தனி ஆவர்த்தனமும் நடுநிசிக்குப் பின் வந்தால்தான் பொருத்தம் என்பது கேட்பவர்களின் கருத்து.

கணக்கின் சுவையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் எட்டு எண்ணிக்கை. சதுஸ்ர நடையில் 32 மாத்திரை. இரண்டு ஆவர்த்தனம் 64. இதற்குள் 5, 7, 9 என்று வளரும் மூன்று துண்டுகளை வைத்தால் கூட்டு 21. அதை மூன்று தரம் வாசித்தால் 63. எனவே தவில்காரர் முதல் மாத்திரையை விட்டு, இரண்டாவதில் தொடங்குவார். கேட்பவனுக்கு முதலில் தாளம் தவறிப்போனது போலத் தோன்றும். மூன்றாம் தரம் முடிந்து அடுத்த அடி சமத்தில் வந்து விழும்போது வீதி முழுக்கத் தலை ஆடும். திஸ்ரம் மூன்று, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது என நடைகள் மாற மாற, இந்த விளையாட்டுக்கு எல்லையில்லை. மேற்கில் எழுபதுகளின் ரொக் இசைக்குழுக்கள் ஐந்தையும் ஏழையும் புதுமையாகக் கையாண்ட நாட்களில், இங்கே சங்கீதம் படிக்காத தோட்டக்காரர்கள் தொடையில் விரல்விட்டு அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தொடக்க காலம்

ஈழத்து மேளகாரர் குடும்பங்கள் எப்போது, எங்கிருந்து வந்தன என்பதில் ஒத்த கருத்தில்லை. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று சிலரும், இங்கேயே தொடர்ந்து இருந்தவர்களோடு வந்தவர்கள் கலந்தனர் என்று வேறு சிலரும் கூறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) கோயில்களில் சின்னமேளத்தைக் கண்டித்தார். பெரியமேளம் அக்கண்டனத்துக்குள் அகப்படவில்லை.

1950 முதல் 1975 வரை

இக்கால்நூற்றாண்டே மேளச்சமாவின் பொற்காலம் எனப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். புகையிலையும் வெங்காயமும் கொண்டுவந்த காசு யாழ்ப்பாணக் கோயில்களின் திருவிழாக்களில் மேளமாக ஒலித்தது. தமிழ்நாட்டின் முன்னணி நாதஸ்வரக்காரர்கள் கடல் கடந்து வந்து வாசித்தனர். வந்தவர்களுக்கு எதிரே உள்ளூர்க் கூட்டங்களும் அமர்ந்தன. இரு சாராரும் மாறி மாறி வாசித்து விடிந்த கதைகள் அளவெட்டியிலும் இணுவிலிலும் இன்றும் சொல்லப்படுகின்றன. யார் வென்றார் என்பது சொல்பவரின் ஊரைப் பொறுத்தது.

சப்பறத் திருவிழா இரவு இதற்கு மிக உகந்தது. மறுநாள் தேர். சுவாமி வீதிவலம் வந்து ஒவ்வொரு மூலையிலும் நிற்க, மேளம் பாயில் அமரும். மணலில் சாக்கு விரித்துக் கிழவர்கள் முன்வரிசை பிடிப்பார்கள். கச்சான்காரி சுருள் சுற்றுவதைக்கூடப் பல்லவி நடக்கும்போது நிறுத்திவிடுவாள் என்று சொல்வது மிகையாக இருக்கலாம். ஆனால் தாளம் போடும் பையன் கை தடுமாறினால் கூட்டத்திலிருந்து நாலு பேர் உடனே கைதட்டித் தாளத்தைத் தூக்கிக் கொடுப்பார்கள் என்பது மிகையன்று. இவ்விசைக்கு இரசிகர் மன்றமோ நுழைவுச்சீட்டோ இருந்ததில்லை. கேட்டவன் அடுத்த ஊர்க்காரனிடம் சொல்வான். அவன் அடுத்த திருவிழாவுக்குச் சைக்கிளில் வருவான்.

இக்காலத்தின் நடுநாயகம் தவில் வித்துவான் வி. தட்சிணாமூர்த்தி (1933–1975). இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்தவர். தந்தை விசுவலிங்கம் தவில்காரர். நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையிடம் பயிற்சி பெற்றார் என்பர். தமிழ்நாட்டில் ‘யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி’ என்ற பெயரில் ஸ்பெஷல் தவிலாக அழைக்கப்பட்டார். நாதஸ்வரக்காரருக்கு வழக்கமாக உடன் வாசிக்கும் தவிலுக்கு மேலாக, பெயருக்காகவே தனியே ஒரு தவில்காரரை அழைப்பதுதான் ஸ்பெஷல் தவில். காவிரிக்கரையில் பிறக்காத ஒருவர் அந்த இடத்தில் அமர்ந்தது சாதாரணமானதன்று. எவ்வளவு விரைவாக வாசித்தாலும் ஒவ்வொரு சொல்லும் மணிமணியாகப் பிரிந்து கேட்கும் என்பதே அவரைப் பற்றி எல்லாரும் ஒருமுகமாகக் கூறுவது. அவருடைய கணக்குகள் முன்கூட்டித் திட்டமிட்டவையா, அந்நேரத்தில் பிறந்தவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் கலந்தவை என்பதே நடுநிலை. 41 வயதில் காலமானார்.

நாதஸ்வரத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதன், சாவகச்சேரி கே. எம். பஞ்சாபிகேசன் ஆகியோர் இக்காலத்தில் மேலெழுந்தவர்கள். பத்மநாதனின் நாயனம் நல்லூர்த் திருவிழாவோடு பிரிக்கமுடியாதது. எழுபதுகளில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் இந்தியக் கலைஞர் வரவு குறைந்ததும் உள்ளூரார் வளர்ச்சிக்கு ஒரு காரணம் என்று சிலர் கருதுவர். இலங்கை வானொலி இவ்விசையைக் கோயில் வீதிக்கு வெளியேயும் கொண்டுசென்றது.

எழுபதுகளில் சார்லி மரியானோ என்ற அமெரிக்க ஜாஸ் சக்ஸபோன் கலைஞர் தென்னிந்தியாவில் நாதஸ்வரம் பயின்று, ஐரோப்பிய ஜாஸ்-ரொக் குழுக்களுடன் அதை வாசித்தார்.

வன்னியில்

வன்னிக் கோயில்களில் பறையும் உடுக்கும் முந்தியவை. வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலின் ஒலி இன்றும் அதுவே. முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து வேரூன்றியது. பெரியமேளம் ஆகம முறைக் கோயில்களோடும், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழ்க் குடியேறிய யாழ்ப்பாணத்தாரோடும் பரவியது எனக் கருதலாம்.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் இப்பகுதியின் பெரிய சிவாலயம். குரக்கன் அறுத்த ஒட்டைச் (தாளைச்) சுட்டபோது ஒரு கும்பல் மட்டும் எரியாமல் நிற்க, அங்கே இலிங்கம் வெளிப்பட்டது என்பது ஊர்ப்பெயருக்கு வழங்கும் கதை. யாழ்ப்பாணத்துக் கூட்டங்கள் இங்கு வர, ஏ-9 பாதையால் மாங்குளம் வரை வந்து, கிழக்கே திரும்பி முல்லைத்தீவு வீதியைப் பிடிக்க வேண்டும். தவிலை உறையிலிட்டு மடியில் வைத்துக் காட்டுப் பாதையில் வந்து இறங்கும் மேளகாரருக்கு வன்னியில் மரியாதை கூடுதல். யாழ்ப்பாணத்தில் மேளம் அடுத்த வீட்டுச் சங்கதி. இங்கே அது ஆண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தாளி.

போர்க்காலம்

1995 ஒக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோது கலைஞர்களும் பெயர்ந்தார்கள். பலர் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் வந்தனர். திருவிழாக்கள் சுருங்கின, இரவுச் சமாக்கள் பகலுக்கு மாறின. மின்சாரம் இல்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலியும் ஒலிநாடாவும் கேட்பது அக்காலத்தின் பொது வழக்கம். சுற்றுபவன் களைத்தால் நாடா இழுபடும். நாயனத்தின் சுருதி சரியும். முகாரி ஆகிவிட்டது என்று யாராவது பகிடி விடுவார்கள். சரியாகச் சுற்றத் தெரிந்தவன் காலப்பிரமாணம் தெரிந்தவன்.

போரால் மூடியிருந்த ஏ-9 பாதை 2002இல் திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. 2009 வரையான இறுதிப் போரில் ஒட்டுசுட்டான் மக்கள் முழுதாகப் பெயர்ந்தனர்.

அண்மைக்காலம்

மீள்குடியேற்றத்துக்குப் பின் கோயில் மேளம் திரும்பியது. இரவு முழுதும் நீளும் சமா அருகியுள்ளது. திரைப்பாடல் கேட்கும் வழக்கம் கூடியுள்ளது என்ற குறை பரவலாகக் கேட்கிறது. புலம்பெயர்ந்தோர் கோயில்களில் மேளம் உயிர்ப்போடு உள்ளது. ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002இல் எழுந்த காமாட்சி அம்பாள் ஆலயத் தேர் வீதியில் தவில் கேட்கலாம். அம்ஷன் குமார் இயக்கிய தட்சிணாமூர்த்தி பற்றிய ஆவணப்படம் (2015) இந்திய தேசிய விருது பெற்றது.

திருவிழாக்களில் ஊரார் பதிந்த ஒலிநாடாக்கள் பல இன்னும் வீடுகளில் உள்ளன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் ஆவணகம் பிரிவு ஒலிப்பதிவுகளையும் சேமிக்கிறது. வைத்திருப்போர் நாடாவின் உறையில் கோயில், ஆண்டு, வாசித்தோர் பெயர் ஆகிய மூன்றையும் நினைவிருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும்.